வெள்ளிமலை போனால் எங்கே சாப்பிடுவது?

"கல்வராயன்மலைக்குப் போறோம். அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

கள்ளக்குறிச்சிப் பக்கம் நான் அடிக்கடி போய்வருவது தெரிந்த நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அருவி எங்கே, படகுத்துறை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அதையெல்லாம் கைபேசியே காட்டிவிடுகிறது. சாப்பாட்டுக் கடை விஷயத்தில்தான் அது கைவிட்டுவிடும். நான்குவழிச் சாலையோர மோட்டல்களையும் டவுனில் இருக்கும் பிரியாணிக் கடைகளையும் வரிசையாகக் காட்டும். மலை ஏற ஆரம்பித்ததும் வரைபடம் காலியாகிவிடும். இதைப் பார்த்துப் பயந்து பலர் கீழேயே பொட்டலம் கட்டிக்கொள்கிறார்கள். அருவிக்கரையில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பிளாஸ்டிக் பையை அங்கேயே வீசிவிட்டு இறங்குகிறார்கள். ஊருக்கு வந்ததும், "மலையில ஒண்ணுமே கிடைக்காதுங்க" என்று மற்றவர்களுக்கும் சொல்லிவைக்கிறார்கள்.

கிடைக்கும். அருமையாகவே கிடைக்கும். தேடும் விதம் மட்டும் வேறு. அதைத்தான் இந்தப் பதிவில் விரிவாக எழுதப் போகிறேன். கடைப் பெயர்கள் கொண்ட பட்டியல் இதில் இருக்காது. நான் சொல்லும் கடைகளில் பாதிக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. இன்றைக்கு நடத்துபவர் அடுத்த வருடம் நடத்துவாரா என்பதும் நிச்சயமில்லை. நல்ல கடையை அடையாளம் காணப் பழகிவிட்டால் எந்த வருடம் போனாலும் வயிறு நிறையும்.

வாசலில் தொங்கும் கிளை

ஒயினுக்குப் பேர்போன ஊர்களுக்குச் சுற்றுலா போகிறவர்களிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. குடிக்கும் இடத்தோடு அவர்கள் நிற்பதில்லை. அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவர் மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார் என்று தேடிப் போகிறார்கள். நம் நாட்டில் நாசிக் அப்படிப்பட்ட ஊர். சூலா நிறுவனம் 2005இல் அங்கே ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் கூடம் திறந்த பிறகு மும்பை, புனேயிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாலையில் திராட்சைத் தோட்டத்தில் உட்காரும் அதே ஆட்கள் காலையில் மிசல் கடை வாசலில் காத்து நிற்பார்கள். முளைகட்டிய பயறு, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும் குழம்பு, அதன்மேல் ஒரு பிடி மிக்சர், தொட்டுக்கொள்ளப் பாவ். நாசிக்கை நாக்கில் நிறுத்துவதில் ஒயினுக்குக் கொஞ்சமும் குறையாத பங்கு இந்த மிசலுக்கு உண்டு.

ஆஸ்திரியாவில் இதற்கு அரசாணையே பிறந்தது. திராட்சை பயிரிடுகிறவர் தன் வீட்டிலேயே தான் விளைவித்ததை விற்றுக்கொள்ளலாம் என்று 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் அனுமதி கொடுத்தார். இன்றைக்கும் வியன்னாவைச் சுற்றியுள்ள ஊர்களில் வாசலில் ஊசியிலைக் கிளைக் கொத்து ஒன்று தொங்கினால், "இன்று கடை உண்டு, உள்ளே வாருங்கள்" என்று அர்த்தம். கொத்தை இறக்கிவிட்டால் கடை மூடியாயிற்று. விளம்பரம் தேவையில்லை, ஊருக்கே புரியும்.

கள்ளக்குறிச்சியில் திராட்சைத் தோட்டம் கிடையாது. தமிழ்நாட்டில் திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்குதான். அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்வராயன்மலைக்குப் போதையோடு ஒட்டிக்கொண்டது வேறு விதமான பெயர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பலருக்குக் கண்பார்வை போனது. அன்றிலிருந்து இந்த மாவட்டத்தின் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் பேச்சு அங்கேதான் போகிறது. மலையில் வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்த பழைய கதைகளையும் கூடவே சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனால் மெத்தனால் மலையில் விளைந்த சரக்கில்லை. அது தொழிற்சாலை ரசாயனம். மலைக்காரர்களோ அந்தக் கெட்ட பெயரையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

அதனால்தான் இந்தச் சாப்பாட்டு விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இந்த மலையின் பெயர் அதன் சோற்றாலும் களியாலும் கிழங்காலும் வெளியே தெரிய வேண்டும். அதற்கு, போகிறவர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதுதான் இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வருவது.

டவுனில் காலை

முதலில் கள்ளக்குறிச்சி. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே புறவழியாகப் போய்விடுகிறது. அதிலேயே போனால் உங்களுக்குக் கிடைப்பது எந்த ஊரிலும் கிடைக்கும் மோட்டல் தோசை. வண்டியை ஊருக்குள் திருப்புங்கள். நான்குமுனைச் சந்திப்பு வரும். சேலம் சாலை, துருகம் சாலை, சங்கராபுரம் சாலை, கச்சிராயபாளையம் சாலை நான்கும் கூடுகிற இடம். அங்கிருந்து எந்தச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தாலும் காலை ஆறரைக்கெல்லாம் இட்லிப் பானையில் ஆவி பறக்கும்.

எதிரெதிரே இரண்டு டிபன் கடை இருந்தால் எதில் உட்காருவது? நான் பார்ப்பது உட்கார்ந்திருக்கும் ஆட்களைத்தான். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், நெல் மூட்டை தூக்குகிறவர்கள், முதல் பேருந்தை முடித்துவிட்டு வந்த ஓட்டுநர், நடத்துநர் ஆகியோர் தட்டில் கைவைத்திருக்கும் கடை என்றால் யோசிக்கவே வேண்டாம். மத்தியானம் வரை தாங்க வேண்டும், கையிலிருக்கும் காசுக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்று பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். தினமும் வருகிறவர்கள் வேறு. சட்னியில் தண்ணீர் ஏறினால் மறுநாளே எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் தக்கவைத்திருக்கும் கடைக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

வெயில் காலமாக இருந்தால் இட்லியை விட்டுவிட்டுக் கூழ் வண்டியைத் தேடுங்கள். கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் மண்பானையில் இருக்கும். சொம்பில் மோர் விட்டுக் கரைத்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், சின்ன வெங்காயம், உப்பும் மிளகாய்த்தூளும் புரட்டிய மாங்காய். சில வண்டிகளில் கருவாட்டுத் தொக்கும் இருக்கும். பானைக்குப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முந்தின நாள் காய்ச்சி வைத்துப் புளித்த கூழில் லேசான புளிப்பு மணம் வரும். அந்த மணம் இருந்தால் வாங்குங்கள். அன்று காலையில் காய்ச்சி உடனே கரைத்தது வெறும் மாவு மாதிரி சப்பென்று இருக்கும்.

கரும்பு வண்டி நிற்கும் இடம்

டவுனிலிருந்து கச்சிராயபாளையம் சாலையைப் பிடித்தால் மலைக்கு வழி. கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. முதல் ஆலை மூங்கில்துறைப்பட்டில். அரவை நடக்கும் மாதங்களில் இந்தப் பக்கம் போனால், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் முறைக்காகக் காத்து நிற்பதைப் பார்க்கலாம். ஓட்டுநர்கள் சில சமயம் இரவெல்லாம் காத்திருப்பார்கள். அவர்களை நம்பி நடக்கும் டீக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் மற்ற இடங்களைவிட நேரங்கழித்து மூடும், சீக்கிரமாகத் திறக்கும். மலையிலிருந்து இருட்டிய பிறகு இறங்கினால் இந்தக் கடைகள்தான் கைகொடுக்கும். கல்தோசை, முட்டை, பரோட்டா சால்னா. பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, அடுத்து எடுக்கப்போவதைக் கேட்டு வாங்குங்கள். அடுக்கி வைத்து ஆறிப்போனதை வாங்க வேண்டாம்.

ஊரைத் தாண்டினால் கோமுகி அணை. பின்னால் மலை நீளமாகப் படுத்திருக்கும். இந்தத் தண்ணீருக்கும் நாம் டவுனில் சாப்பிட்ட சோற்றுக்கும் தொடர்பு உண்டு. கோமுகியும் மணிமுக்தாவும் இந்த மலையில் பிறந்து கீழே போய் வெள்ளாற்றில் சேர்கின்றன. மலையில் மழை பெய்தால்தான் கீழே நெல்லும் கரும்பும். மலையை வெறும் பிக்னிக் இடமாகப் பார்க்கிறவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன்.

மேலே போகும்போதே சொல்லிவிடுங்கள்

பரிகம் தாண்டினால் மலைச்சாலை தொடங்குகிறது. போகிற வழியிலேயே சாலையோரமாகப் பெரியார் அருவி. விடுமுறை நாளென்றால் அங்கே தற்காலிகக் கடைகள் முளைத்திருக்கும். சுட்ட மக்காச்சோளம், மாங்காய், வறுவல் வகைகள். கொறிக்க நன்றாக இருக்கும். ஆனால் நான் சொல்லும் சாப்பாடு இன்னும் மேலே, வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டுப் பக்கங்களில் இருக்கிறது.

வெள்ளிமலை பெரிய ஊர் கிடையாது. கல்வராயன்மலை வட்டத்துக்குத் தலைமையிடம் என்பதால் அலுவலகங்கள், பள்ளி, பேருந்து நிற்குமிடம், அவற்றை ஒட்டிச் சில கடைகள். இங்கே ஓர் உண்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். மலைக் கடைக்காரர் நூறு பேருக்கு ஆக்கி வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. விற்காவிட்டால் நஷ்டம் முழுக்க அவர் தலையில். அதனால் வழக்கமாக வரும் ஆட்களுக்கு மட்டும் அளந்து உலை வைப்பார். மத்தியானம் இரண்டு மணிக்கு நான்கு பேர் காரில் வந்து இறங்கி "சாப்பாடு இருக்கா?" என்றால், "ஆயிடுச்சு சார்" என்றுதான் பதில் வரும். "மலையில ஒண்ணுமே கிடைக்காது" என்ற பேச்சு பிறப்பது இந்த இடத்தில்தான்.

வழி எளிது. காலையில் மேலே போகும்போதே வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் பேசுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அக்கா, மத்தியானம் சாப்பாடு கிடைக்குமா?"

"எத்தன பேரு?"

"நாலு பேருக்கா. மேகம் அருவி பாத்துட்டு ஒரு மணிக்கு வந்துருவோம்."

"அப்ப உலை வெச்சிடறேன். வரேன்னுட்டு வராமப் போயிடாதீங்க தம்பி."

அந்தக் கடைசி வாக்கியத்தை மறக்கக் கூடாது. சொன்னால் வர வேண்டும். வர முடியாமல் போனாலும், இறங்கும்போது நின்று சமைத்ததற்கான காசைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மலைக்கடையில் நான்கு பேர் சோறு மிஞ்சினால் அது அன்றைய லாபம் மொத்தமும் போனதற்குச் சமம்.

கேட்டால்தான் களி

இதே பேச்சில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். "அக்கா, எங்களுக்குச் சாமைச் சோறோ களியோ ஆக்கித் தருவீங்களா?"

நாமாகக் கேட்காவிட்டால் அரிசிச் சோறுதான் வரும். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு விதைத்துச் சாப்பிட்டவர்கள். 1976 வரை மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அப்போது வயிறு காத்தது இந்தப் புன்செய்ப் பயிர்கள்தான். பிறகு ரேஷன் அரிசி வந்தது. பசி தீர்ந்தது, அது பெரிய நன்மை. அதே சமயம் அரிசிச் சோறுதான் உயர்ந்தது, வெளியூர்க்காரர்களுக்கு அதைப் போடுவதுதான் மரியாதை என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. நான் களி கேட்டபோது ஒரு கடையில் அந்த அக்கா கொஞ்சம் தயங்கினார். "அது எங்க வீட்டுக்கு ஆக்கறதுதான். நீங்க சாப்பிடுவீங்களா?" என்றார். சாப்பிடத்தான் வந்திருக்கிறோம் என்றதும் முகமே மாறிப்போனது. உள்ளே இருந்த ஆயாவைக் கூப்பிட்டு, "இவங்களுக்குக் களி வேணுமாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

களி கிண்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விறகடுப்பில் பானை. அரிசி நொய் முதலில் குழைய வெந்தது. அதன்மேல் கேழ்வரகு மாவை மலைபோல் குவித்து, நடுவில் துடுப்பால் துளை போட்டு, மூடி வைத்துவிட்டார் ஆயா. மாவு ஆவியில் வேக வேண்டுமாம். அவசரப்பட்டுக் கிண்டினால் உள்ளே பச்சை மாவு கட்டிகட்டியாக நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பானையை இறக்கி, இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பை இரு கையாலும் பற்றிச் சுழற்றினார். மாவின் நிறம் சாம்பலிலிருந்து கரும்பழுப்புக்கு மாறி, மேலே பளபளப்பு ஏறியது. தண்ணீர் தொட்ட தட்டில் எடுத்துப் போட்டு உருட்டி, ஆளுக்கொரு உருண்டையாக வைத்தார்கள். நடுவில் குழித்து, அதில் கீரைக் கடைசல். தனியாகக் கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு.

களியை மெல்லக் கூடாது. விரலில் கொஞ்சம் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு முதல் இரண்டு வாய் திணறும், அதற்கப்புறம் தானாகப் போகும். மலையில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்களுக்கு இது ஏன் கட்டுப்படியாகிறது என்பது சாயங்காலம் தெரியும். இருட்டும்வரை பசி எட்டிக்கூடப் பார்க்காது.

ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சென்னையிலும் கோவையிலும் சாமை அரிசி அழகான பையில், அரிசியைவிடப் பல மடங்கு விலையில் விற்கிறது. அந்தச் சாமை விளையும் மலையில் உட்கார்ந்துகொண்டு சுற்றுலாப் பயணிகள் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் காட்சி. சாமையின் உமியை நீக்குவது லேசான வேலையில்லை. உரலில் குத்திப் புடைப்பதற்குள் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். கேட்பார் இல்லாத பண்டத்துக்காக யார் அந்தப் பாடு படுவார்கள்? வருகிறவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, அரிசிச் சாப்பாட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தால், அந்தப் பயிருக்கு அந்த மலையிலேயே ஒரு விலை பிறக்கும்.

குச்சிக்கிழங்கு

மலைச்சரிவு நெடுக மரவள்ளி. இந்தப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். ஆத்தூர், சின்னசேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு வண்டி வண்டியாகப் போகிறது. சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு என்று அந்தத் தொழிலுக்குத் தனி வரலாறே இருக்கிறது. மலைச் சாமையின் பரப்பைத் தின்றதில் இந்தக் கிழங்குக்கும் பங்குண்டு. உடனே பணம் தரும் பயிர், குத்திப் புடைக்கும் வேலையும் இல்லை. அதற்காக விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

சாப்பிடுகிறவர்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று. ஆலைக்குப் போகும் ரகம் எல்லாமே அவித்துத் தின்ன ஏற்றதில்லை, சிலது கசக்கும். வழியில் வயலோரம் குவித்திருப்பதைப் பார்த்து வாங்கிப் போய் அவிக்காதீர்கள். கடையில் கேளுங்கள், தின்கிற கிழங்கு எது என்று அவர்களுக்குத் தெரியும். தோலுரித்து உப்புப் போட்டு அவித்த கிழங்கு வெடித்து மாவாக நிற்கும். காய்ந்த மிளகாயும் பூண்டும் உப்பும் சேர்த்து அம்மியில் அரைத்த காரம் தொட்டுக்கொள்ள. கூடவே கடுந்தேநீர். மழைக்காலத்தில் மாலை நான்கு மணிக்குக் கரியாலூர்ப் பக்கம் மூடுபனி இறங்கும்போது இதைவிட நல்ல பலகாரம் எனக்குத் தெரியாது.

அடையாளங்கள்

ஆஸ்திரியாவில் கிளைக் கொத்து தொங்குகிற மாதிரி இங்கே பொதுவான அடையாளம் ஏதும் கிடையாது. ஆனாலும் பார்க்கத் தெரிந்தால் எல்லாமே தெரியும். நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன்.

கூரைமேல் புகை வருகிறதா என்று பாருங்கள். காலை பத்து, பத்தரைக்குப் புகை வந்தால் மத்தியானச் சோறு தயாராகிறது. பன்னிரண்டு மணிவரை அடுப்பு எரியாத கடையில் உங்களுக்குக் கிடைப்பது பிஸ்கட்டும் டீயும்தான்.

என்ன இருக்கிறது என்று கேட்டால் மூச்சுவிடாமல் இருபது பண்டம் ஒப்பிக்கும் கடையைவிட, "இன்னிக்குக் கீரைக் குழம்பு, ரசம், மோரு" என்று நிறுத்திக்கொள்ளும் கடை மேல். அன்றைக்குக் கிடைத்ததை அன்றைக்குச் சமைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பேருந்தில் போகிறவர்களுக்கு இன்னும் வசதி. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு அரசுப் பேருந்து போகிறது. நடத்துநரிடம், "அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் போதும். வருடக்கணக்கில் அதே தடத்தில் ஓடுகிறவருக்குத் தெரியாத கடை அந்த மலையில் கிடையாது.

சந்தை நாளைத் தெரிந்துகொண்டு போங்கள். சந்தையன்று கடைகளில் கூட்டமும் அதிகம், சமையலும் அதிகம். கீழே உளுந்தூர்பேட்டையில் புதன்கிழமை ஆட்டுச்சந்தை பேர்போனது. விடியற்காலையிலேயே வியாபாரம் சூடுபிடித்துவிடும். அப்படிச் சந்தை கூடும் ஊர்களில் அன்று காலையிலேயே இட்லிக்குக் கறிக்குழம்பு கிடைக்க வாய்ப்பு உண்டு. மலையில் நாட்டுக்கோழிக் குழம்பு வேண்டுமென்றால் இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே சொல்ல வேண்டும். கோழியைப் பிடித்து, அறுத்து, மஞ்சள் தடவி வாட்டி, மிளகாய் மல்லி அரைத்துக் கொதிக்கவிட அவ்வளவு நேரம் ஆகும். அரைமணியில் தருகிறேன் என்றால் அது பண்ணைக்கோழி.

சில்லறைப் பணம் கையில் வைத்திருங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும். சாப்பிட்டுவிட்டுக் கைபேசியை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது நமக்கும் சங்கடம், காசை எதிர்பார்க்கிறவருக்கும் சங்கடம்.

விருந்தாளியாகப் போகும்போது

இன்னும் சில வார்த்தைகள், கொஞ்சம் அழுத்தமாகவே.

மலைக்குப் பாட்டிலோடு போகாதீர்கள். சாராயத்தால் இந்த மாவட்டம் பட்டது போதும். குடித்துவிட்டுக் கடை வாசலில் சத்தம் போடும் கூட்டத்துக்கு நடுவே, தனியாகக் கடை நடத்தும் ஒரு பெண் எப்படிச் சோறு பரிமாறுவார்? விடுமுறை நாட்களில் சீக்கிரமாகவே கதவைச் சாத்திவிடும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் யாரும் வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள், நமக்கே புரிந்துவிடும்.

பேரம் பேசாதீர்கள். டவுனிலிருந்து எண்ணெயும் பருப்பும் மேலே வந்து சேர வண்டிக் கூலி ஆகிறது. தேன், கடுக்காய், புளி, பலாப்பழம் என்று வழியில் விற்கிறவர்களிடமும் அப்படித்தான். ஒரு காலத்தில் ஊறலுக்குப் போன அதே கடுக்காய் இன்றைக்கு மருந்துக்கும் தோல் பதனிடவும் போகிறது. காட்டில் பொறுக்கிக் கொண்டுவந்து காயவைத்து விற்கிறவருக்கு நாம் கொடுக்கும் நியாயமான விலை, பழைய தொழில் பக்கம் அவர் திரும்பாமலிருக்க ஒரு சின்னப் பிடிமானம்.

2024 சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன்மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து வழக்கு எடுத்து விசாரித்தது. சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியவை. அதைச் சாப்பாட்டுக் கடைகள் ஈடுகட்டிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மலைக் கடையில் நான்கு பேர் சாப்பிட்ட காசு அப்படியே அந்த ஊரிலேயே நிற்கிறது. கீரை கொண்டுவந்த பெண்ணுக்கும், விறகு கொடுத்தவருக்கும், கோழி வளர்த்தவருக்கும் அன்றைக்கே போய்ச் சேருகிறது. சுற்றுலா என்று நாம் பெரிதாகப் பேசுவதில் இவ்வளவு நேராக மக்கள் கைக்குப் போகும் காசு வேறு எதிலும் இல்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். மலைக்கு இப்போதுதான் வெளியூர்க் கார்கள் அதிகம் வர ஆரம்பித்திருக்கின்றன. பெரிய உணவகங்கள் வருவதற்குள் இந்தச் சின்னக் கடைகள் காலூன்றிவிட்டால், பின்னால் வருகிறவர்களும் களி சாப்பிடலாம். இல்லையென்றால் இன்னும் பத்து வருடத்தில் வெள்ளிமலையிலும் அதே பிரைடு ரைஸ்தான் இருக்கும்.

எனவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். அடுத்த முறை கல்வராயன்மலைக்குப் போகிறவர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு போக வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டை மேலேதான் சாப்பிடுவது என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஏறும்போதே ஒரு கடையில் சொல்லிவிட்டுப் போங்கள், சாமைச் சோறோ களியோ கேளுங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். சாப்பிட்டு முடித்ததும், நன்றாக இருந்தது என்று சமைத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.